ஜில்லுனு ஒரு பிடிவாதம்! கப்பலில் ஐஸ் விற்ற ஃபிரடெரிக் டியூடரின் கதை

மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும் மதியம். திருவல்லிக்கேணி பக்கம் பஸ்ஸில் போனால், கண்டக்டர் குரலில் அந்தப் பெயர் காதில் விழும். ஐஸ் ஹவுஸ். இறங்கித் தேடினால் ஐஸும் இருக்காது, ஐஸ் ஃபேக்டரியும் இருக்காது. காமராஜர் சாலையில் கடலைப் பார்த்தபடி வட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம்தான் இருக்கும். எதிரே மணலில், தள்ளுவண்டியில் குச்சி ஐஸ் விற்பார்கள். சேமியா ஐஸ், பால் ஐஸ், நாக்கை ஆரஞ்சு கலராக்கும் அந்தப் பழைய ஐஸ்.

பக்கத்தில் இருக்கும் காவல் நிலையத்துக்குக்கூட ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், அந்தக் காலத்தில் அங்கே ஐஸ் வைத்திருந்தார்கள் என்று பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். மின்சாரமே இல்லாத காலத்தில் மெட்ராஸுக்கு ஐஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. கப்பலில். நான்கு மாதப் பயணம். கேட்டால் கதை விடுவதுபோலத்தான் இருக்கும். இதைச் செய்து காட்டிய மனிதரின் பெயர் ஃபிரடெரிக் டியூடர். அமெரிக்காவில் அவரை ஐஸ் ராஜா என்றே அழைத்தார்கள். ராஜா ஆவதற்கு முன் அவர் கடன்காரர்களுக்குப் பயந்து ஓடியது, ஜெயிலுக்குப் போனது எல்லாம் தனிக் கதை. சொல்லப்போனால் அதுதான் கதையே.

டியூடர் பிறந்தது 1783 செப்டம்பர் 4, பாஸ்டன் நகரில். வசதியான குடும்பம். அப்பா வில்லியம் டியூடர் பெரிய வழக்கறிஞர், ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் சட்ட அதிகாரியாக இருந்தவர். அண்ணன் ஹார்வர்டில் படித்தவர். நம்ம ஆள் மட்டும் 13 வயதிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டார். படிப்பெல்லாம் வேலைக்கு ஆகாது, வியாபாரம்தான் நம்ம வழி என்று முடிவெடுத்துவிட்டார்.

17 வயதில், உடம்பு சரியில்லாத சகோதரர் ஜான் ஹென்றியோடு கியூபாவின் ஹவானா நகருக்குப் போனார். குளிரில் வளர்ந்த இரண்டு பையன்களுக்கும் அந்தப் புழுக்கம் தாங்கவில்லை. போன நோக்கம், இதமான காற்றில் ஜான் ஹென்றியின் உடம்பைத் தேற்றுவது. தேறவில்லை. அமெரிக்கா திரும்பிய பிறகு ஜான் ஹென்றி இறந்துபோனார். அந்த வெயிலும் அந்தத் தவிப்பும் டியூடரின் மனதில் தங்கியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாஸ்டன் பக்கத்துப் பணக்காரர்களுக்கு ஐஸ் ஒன்றும் புதிதில்லை. குளிர்காலத்தில் ஏரி, குளமெல்லாம் உறைந்து கிடக்கும். அதை வெட்டி, நிலத்தடி அறையில் சேர்த்துவைத்தால் கோடையிலும் கிடைக்கும். டியூடர் குடும்பத்தின் பண்ணையிலும் அப்படி ஒரு குளம் இருந்தது. 1805 கோடையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, இந்த ஐஸை வெட்டி கரீபியன் தீவுகளுக்கு அனுப்பினால் நல்ல விலைக்குப் போகுமே என்று அண்ணன் வில்லியம் விளையாட்டாகச் சொன்னதாகச் சொல்கிறார்கள். அண்ணன் மறந்துவிட்டார். தம்பி மறக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஐஸ் ஹவுஸ் டைரி என்று பெயர் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அப்போது வயது 21.

ஐஸை ஏற்றிச் செல்ல எந்தக் கப்பல் முதலாளியும் சம்மதிக்கவில்லை. அவர்கள் பயம் அவர்களுக்கு. உருகி ஓடும் தண்ணீர் மற்ற சரக்கைக் கெடுத்தால் யார் பதில் சொல்வது? டியூடர் யோசிக்காமல் 4,750 டாலர் கொடுத்து ஒரு கப்பலையே வாங்கிவிட்டார். பெயர் ஃபேவரிட். 1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் ஐஸோடு மார்டினிக் தீவுக்குக் கிளம்பியது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று இதைச் செய்தியாகவே போட்டது. இது ஜோக் இல்லை என்று சொல்லிவிட்டு, இந்த வியாபாரம் வழுக்கி விழாமல் இருந்தால் சரி என்று ஒரு குத்தலும் வைத்தது.

மார்ச் 5-ம் தேதி கப்பல் மார்டினிக் போய்ச் சேர்ந்தது. ஐஸும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. பிரச்னை என்னவென்றால், அதை இறக்கிவைக்க அங்கே ஒரு சேமிப்பு அறைகூட இல்லை. கப்பலிலிருந்தே விற்க வேண்டியதாயிற்று. ஐஸை எப்படி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று துண்டுச்சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். யார் படித்தது? ஒருவர் உச்சி வெயிலில் திறந்தபடியே தெருவில் தூக்கிக்கொண்டு போய், வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டு, ஐயோ உருகுதே என்று புகார் சொன்னாராம். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மூன்றாமவர் இருக்கிறாரே, அவர்தான் உச்சம். ஐஸ் கெட்டுப்போகாமல் இருக்க உப்பில் போட்டு வைத்தார். டியூடர் ஊருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கிறார்.

சிரிக்காதீர்கள். ஐஸையே பார்த்திராத ஊரில் வேறென்ன நடக்கும்? மீனை உப்பு போட்டுத்தானே காப்பாற்றுகிறோம், ஐஸை ஏன் கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம்.

அதே உப்புதான் டியூடரின் மானத்தையும் கொஞ்சம் காப்பாற்றியது. அந்த ஊரில் டிவோலி கார்டன் என்று ஒரு கேளிக்கைத் தோட்டம். இந்த வெயிலில் ஐஸ்க்ரீமாவது ஒன்றாவது, கொண்டுபோவதற்குள் ஐஸ் உருகிவிடும் என்று அதன் முதலாளி கையை விரித்தார். டியூடர் தானே களத்தில் இறங்கி ஐஸ்க்ரீம் செய்து காட்டினார். ஐஸோடு உப்பைக் கலந்தால் அதன் குளிர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்தக் கலவையின் நடுவே பாத்திரத்தை வைத்தால் உள்ளே இருக்கும் பாலும் சர்க்கரையும் உறைந்துவிடும். நம்ம ஊர் ஐஸ் ஃபேக்டரியில் குச்சி ஐஸ் அச்சுகளை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்பதும் இதே கணக்குதான். முதல் நாள் ராத்திரியே அந்த முதலாளிக்கு 300 டாலர் வசூல். சுளுவாக வந்த காசு அவருக்கு. டியூடருக்கு? மொத்தப் பயணத்தில் சுமார் 4,500 டாலர் நஷ்டம்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கடையைக் கட்டியிருப்பார்கள். டியூடர் அடுத்த ஆண்டே ஹவானாவுக்கு ஐஸ் அனுப்பினார். ஆனால், அடிமேல் அடி. அப்பா ரியல் எஸ்டேட்டில் பணத்தைப் போட்டுக் குடும்பச் சொத்தே கரைந்துபோனது. 1807 கடைசியில், அமெரிக்கக் கப்பல்கள் வெளிநாடு போகவே கூடாது என்று அந்த நாட்டு அரசு தடை போட்டது. 1810-ல்தான் முதல் முறையாகக் கொஞ்சம் லாபத்தைக் கண்ணில் பார்த்தார். அதற்குள் பிரிட்டனோடு போர் வந்துவிட்டது. கடன் கொடுத்தவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அப்போதெல்லாம் கடனைத் திருப்பித் தராவிட்டால் நேராக ஜெயில். 1812, 1813 ஆண்டுகளில் டியூடர் கம்பி எண்ணினார். பணக்கார வக்கீல் வீட்டுப் பிள்ளை, அதுவும் தண்ணீரை விற்கப் போய் ஜெயிலில் இருக்கிறான் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும்!

1815-ல் மறுபடியும் கடன் வாங்கிக்கொண்டு ஹவானா கிளம்பினார். போலீஸ் துறைமுகம் வரைக்கும் துரத்தி வந்ததாகச் சொல்கிறார்கள். இந்த முறை மார்டினிக் தப்பைச் செய்யவில்லை. சேமிப்பு அறைக்கான ஏற்பாட்டோடுதான் போனார்.

டியூடரின் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். ஹவானாவில் ஐஸ் அறையைக் கட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே கிடையாய்க் கிடந்தார். மணிக்கு எவ்வளவு தண்ணீர் உருகி வெளியே வருகிறது என்று அளந்து அளந்து எழுதிக்கொண்டே இருந்தார். வைக்கோல் போட்டுப் பார்த்தார், உமி போட்டுப் பார்த்தார், மரத்தூள் போட்டுப் பார்த்தார். கதவைத் திறந்தால் எவ்வளவு உருகுகிறது, மூடியே வைத்தால் எவ்வளவு என்று கணக்கு. இரட்டைச் சுவர் வைத்து நடுவில் அடைப்பான் போட்டால் வெப்பம் உள்ளே வராது. உருகிய தண்ணீரை உடனே வெளியேற்ற வேண்டும், தேங்கினால் மிச்ச ஐஸையும் கரைத்துவிடும். கடைசியில் ஜெயித்தது மரத்தூள். அமெரிக்காவின் மேய்ன் பகுதி மர அறுவை மில்களில் குப்பையாகக் குவிந்து கிடந்த பொருள் அது. டியூடர் வந்த பிறகு அதற்கும் ஒரு விலை வந்துவிட்டது.

கல்யாண வீட்டுக்கு ஐஸ் பார் வாங்கப் போயிருக்கிறீர்களா? உமியோ மரத்தூளோ தூவி, மேலே ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார்கள். 200 வருஷத்துக்கு முன் ஹவானாவில் டியூடர் உட்கார்ந்து எழுதிய கணக்கும் அதையேதான் சொன்னது.

பொருள் கெடாமல் வந்துவிட்டது. வாங்க ஆள் வேண்டுமே? பிறந்ததிலிருந்து சாதா தண்ணீரே குடித்து வளர்ந்தவனுக்கு ஜில் தண்ணீர் எதற்கு? அங்கேதான் மனுஷனின் வியாபார மூளை வேலை செய்தது. மதுக்கடைக்காரர்களுக்கு ஐஸை இலவசமாகக் கொடுத்தார். ஜில்லென்ற பானத்தையும் சாதாரண பானத்தையும் ஒரே விலைக்கு விற்கச் சொன்னார். ஒரு வாரம் ஜில்லென்று குடித்துப் பழகிய நாக்கு, மறுபடி வெதுவெதுப்பைத் தொடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தார். முதல் மாதம் டேட்டா ஃப்ரீ என்று நம்மைப் பிடித்துப்போட்டார்களே, அதற்கெல்லாம் தாத்தா இவர்.

1817-ல் சார்ல்ஸ்டன், அடுத்து சவானா, பிறகு நியூ ஆர்லியன்ஸ் என்று அமெரிக்காவின் தெற்குப் பக்கம் முழுக்க ஐஸ் அறைகள் முளைத்தன. போட்டிக்கு யாராவது வந்தால் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிடுவார். எதிராளியின் ஐஸ் துறைமுகத்திலேயே உருகி ஓடும்வரை காத்திருப்பார். அப்புறம் விலை பழையபடி ஏறிவிடும். டியூடர் நல்லவர், வல்லவர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கறாரான ஆள், சண்டைக்காரர். தவிர, ஹவானாவிலும் சார்ல்ஸ்டனிலும் அவருடைய ஐஸை ருசித்தவர்களில் பலர், அடிமைகளின் உழைப்பில் செழித்த பண்ணை முதலாளிகள். கரும்புக் காட்டில் வெயிலில் நின்றவனுக்கு அந்த ஜில் போய்ச் சேரவில்லை.

தேவை ஏறியதும் ஐஸ் வெட்டுவது சிரமமானது. ஆட்கள் ரம்பம் வைத்து அறுத்தால் எவ்வளவுதான் அறுப்பார்கள்? 1825-ல் நதானியேல் வையத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்றைச் செய்தார். உறைந்த ஏரிமேல் ஏர் ஓட்டுவதுபோலக் கோடு போட்டு, செங்கல் மாதிரி ஒரே அளவுக் கட்டிகளாகப் பெயர்த்து எடுக்கலாம். வெட்டும் செலவு டன்னுக்கு 30 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டுக்கு இறங்கியது. இன்னொரு லாபமும் இருந்தது. கட்டிகள் சதுரமாக இருந்ததால் இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. காற்று புகாவிட்டால் உருகுவதும் குறையும்.

அடுத்த குறி, இந்தியா.

அன்றைய இந்தியாவில் வெள்ளைக்கார துரைமார்கள் குளிர்ச்சிக்குப் படாத பாடு பட்டார்கள். வெடியுப்புக் கரைசலில் பாட்டிலை வைத்துச் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்க என்றே வேலைக்காரர்களை வைத்திருந்தார்கள். வங்காளத்தில் குளிர்கால இரவுகளில் வைக்கோல்மேல் அகலமான மண்சட்டிகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியலில் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும். ஹூக்ளி ஐஸ் என்று அதற்குப் பெயர். அழுக்கும் சேறும் கலந்த கூழ் அது. குடிக்கிற டம்ளரில் போட முடியாது.

1833 மே 12-ம் தேதி, 180 டன் ஐஸோடு டஸ்கனி என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பூமத்திய ரேகையை ஒரு முறை அல்ல, இரண்டு முறை தாண்டியாக வேண்டும். ஆனாலும் இதில் ஒரு லாபக் கணக்கு இருந்தது. பாஸ்டனிலிருந்து இந்தியா வரும் கப்பல்களில் சரக்கு அதிகம் இருக்காது. கவிழாமல் இருக்கக் கல்லை ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்தக் கல்லுக்குப் பதில் ஐஸ் என்றால் கப்பல் கூலி மலிவு. செப்டம்பரில் டஸ்கனி கல்கத்தா வந்தபோது சுமார் 100 டன் ஐஸ் மிச்சம் இருந்தது.

ஊரே திரண்டது. வரி கிடையாது, ராத்திரியிலும் சரக்கை இறக்கிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள். கவர்னர் ஜெனரல் பென்டிங்க், டியூடரின் பங்குதாரர் வில்லியம் ரோஜர்ஸுக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். கல்கத்தா வெள்ளைக்காரர்கள் தாங்களே பணம் திரட்டி ஐஸ் அறை கட்டிக் கொடுத்தார்கள். மார்டினிக்கில் கப்பலில் நின்று கூவிக் கூவி விற்ற அதே மனிதரின் சரக்குக்குத்தான் இந்த வரவேற்பு.

சரி, இனி சுகம்தான் என்று நினைத்தால் இல்லை. அதே காலகட்டத்தில் காபிக்கொட்டை விலை ஏறும் என்று பந்தயம் கட்டி 2 லட்சம் டாலருக்கு மேல் தோற்றிருந்தார் மனுஷன். ஐஸில் சம்பாதித்தது அத்தனையும் காபியில் கரைந்தது. இதற்கிடையே 1834 தொடக்கத்தில் கல்யாணம். அவருக்கு வயது 50, மணமகள் யூஃபீமியாவுக்கு 19. ஆறு குழந்தைகள் பிறந்தார்கள். கடனை ஆண்டுக்கணக்கில் கட்டினார். கட்டி முடிக்கக் கைகொடுத்தது பெரும்பாலும் கல்கத்தா ஐஸ்தான். கடன் தந்தவர்களும் இந்த முறை அவரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஆளை உள்ளே போட்டால் ஐஸ் நின்றுவிடும், ஐஸ் நின்றால் பணம் வராது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

கல்கத்தாவுக்குப் பிறகு பம்பாய், மெட்ராஸ். 1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் கப்பல் நிற்கும். மசூலா படகுகளில்தான் அலையைத் தாண்டிச் சரக்கை இறக்குவார்கள். அமெரிக்க ஏரியில் வெட்டிய கட்டிகளும் இந்தக் கரைக்கு வந்துதான் அந்த வட்டக் கட்டடத்துக்குள் போயின. 1840-களில் வால்டன் குளக்கரையில் தனியாகக் குடில் போட்டு வாழ்ந்த எழுத்தாளர் தோரோ, டியூடரின் ஆட்கள் கூட்டமாக வந்து குளத்தை வெட்டியதை நேரில் பார்த்து, பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார். அந்த ஐஸ் போய்ச்சேரும் வெயில் ஊர்களின் பட்டியலில் மெட்ராஸ் பெயரையும் சேர்த்திருக்கிறார்.

1856-ல் மட்டும் பாஸ்டனிலிருந்து 1,46,000 டன் ஐஸ் கப்பலேறியது. அதில் டியூடரோடு போட்டிக்கு வந்தவர்களின் ஐஸும் அடக்கம். அவர் காட்டிய வழியில் ஊரே ஐஸ் விற்கக் கிளம்பிவிட்டது.

1864 பிப்ரவரி 6-ம் தேதி, 80-வது வயதில் டியூடர் பாஸ்டனில் காலமானார். பெரும் பணக்காரராகத்தான் போனார். மெட்ராஸை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

1870-களில் மெட்ராஸிலேயே நீராவி இயந்திரம் வைத்து ஐஸ் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கப்பல் ஐஸுக்கு வேலை போனது. காலியான ஐஸ் ஹவுஸை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். ஐஸைக் காக்கக் கட்டிய இடமாயிற்றே, காற்றோட்டம் எங்கே இருக்கும்? ஜன்னல், தாழ்வாரமெல்லாம் வைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கேதான் ஒன்பது நாள் தங்கினார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு அங்கே இல்லம் நடத்தினார். 1963-ல் விவேகானந்தர் இல்லம் என்று அரசு பெயர் மாற்றியது. ஊர் வாயில் மட்டும் ஐஸ் ஹவுஸ் மாறவில்லை.

டியூடரின் ஐஸ் துரைமார் பங்களாவுக்கும் கிளப்புக்கும் போனது. அதை வாயில் போட்டுப் பார்த்த மெட்ராஸ் கூலித் தொழிலாளியோ, பள்ளிக்கூடப் பையனோ அபூர்வம். மெஷின் ஐஸ் வந்து, தெருவுக்குத் தெரு ஃபேக்டரி வந்த பிறகுதான் ஜில் நம்ம தெருவுக்கு இறங்கியது. குச்சியைச் செருகிய பெருமை இன்னொரு அமெரிக்கருக்கு. 1905-ல் 11 வயதுப் பையன் ஃபிராங்க் எப்பர்சன், சோடாத் தூள் கலக்கிய டம்ளரைக் கலக்கிய குச்சியோடு ராத்திரி முழுக்கக் குளிரில் வெளியே விட்டுவிட்டானாம். காலையில் பார்த்தால் குச்சி ஐஸ். 1924-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

இந்தக் கட்டுரைக்காக ஐஸ் ஹவுஸைச் சுற்றிவிட்டு, ரோட்டைத் தாண்டி மணலுக்குப் போனேன். வண்டிக்காரரிடம் ஒரு சேமியா ஐஸ் வாங்கினேன். போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம் சாப்பிடலாம் என்று நினைத்தது தப்பு. போனில் ஆங்கிள் பார்ப்பதற்குள் பாதி ஐஸ் முழங்கை வரை வழிந்துவிட்டது. வண்டிக்காரர் முறைத்துவிட்டு, முதல்ல சாப்பிடும்மா என்பதுபோல் கையைக் காட்டினார்.